பம்ப் பொருத்துவதும் மெக்கானிக்கல் சீலைக் காப்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வடசென்னையில் மணலி, எண்ணூர், தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் பம்ப் பார்க்கிற ஃபிட்டர்களும் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் தண்ணீர், கடல்நீர், எண்ணெய், காஸ்டிக் சோடா இறைக்கிற சென்ட்ரிஃபியூகல் பம்புகளையும், அவற்றின் ஷாப்ட் வெளியே வருகிற இடத்தில் திரவம் ஒழுகாமல் தடுக்கிற மெக்கானிக்கல் சீலையும் பற்றித்தான் பேசுகிறேன்.

மூன்று மாதத்துக்கு ஒரு சீல் போகிறது. எந்தக் கம்பெனி சீல் வாங்கினால் நிற்கும்?

எந்தக் கம்பெனி சீல் வாங்கினாலும் அதே மூன்று மாதம்தான் நிற்கும், சீல் சாகிற காரணம் சீலுக்கு வெளியே இருக்கிறவரைக்கும். அடித்தளம் ஆடுகிறது, பைப் இழுக்கிறது, உறிஞ்சுகிற பக்கமான சக்ஷனில் காற்று வருகிறது, தொட்டி காலியானது தெரியாமல் பம்ப் ஓடுகிறது. இதில் எது நடந்தாலும் கண்ணுக்குத் தெரிகிற முதல் அடையாளம் சீலில் வருகிற ஒழுக்குதான், அதனால் பழியும் சீல் மேல்தான் விழுகிறது.

சீல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது புரியும். ஷாப்ட்டோடு சுற்றுகிற ஒரு வளையமும் சீல் அறையின் மூடியான கிளாண்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிற ஒரு வளையமும் முகத்தோடு முகம் வைத்து நிற்கின்றன. நடுவில் பம்ப் இறைக்கிற திரவமே மெல்லிய படலமாக நின்று அந்த முகங்களை நனைத்துக் குளிர்விக்கிறது. அந்தப் படலத்தின் கனம் சுமார் ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முகத்தின் சமதளத்தை ஹீலியம் விளக்கின் கீழ் தெரிகிற ஒளிக்கோடுகளின் (லைட் பேண்ட்) கணக்கில் பார்ப்பார்கள், ஒரு பேண்ட் 0.29 மைக்ரான், நல்ல முகம் இரண்டு மூன்று பேண்டுக்குள் இருக்கும். இவ்வளவு நுணுக்கமாகத் தேய்த்த பொருளைக் கொண்டுபோய் மோட்டாரையும் பம்பையும் இணைக்கிற கப்ளிங் அரை மில்லிமீட்டர் விலகி நிற்கிற பம்பில் மாட்டிவிட்டு, சீல் சரியில்லை என்று சொல்வது எந்த வகையில் நியாயம்?

அப்படியென்றால் ஷாப்டைச் சுற்றித் திணிக்கிற பழைய கிளாண்ட் கயிறே போதாதா?

சுத்தமான தண்ணீர், கீழே ஒழுகினாலும் பரவாயில்லை, ஆள் எப்போதும் பக்கத்தில் இருக்கிறார் என்றால் தாராளமாகப் போடலாம். கயிறு ஒழுகித்தான் ஆக வேண்டும், நிமிடத்துக்கு நாற்பது அறுபது சொட்டு விழுந்தால்தான் ஷாப்ட் மேல் போட்ட உறையான ஸ்லீவ் சூடாகாது. அதை முழுக்க இறுக்கி நிறுத்துகிறவர்கள் ஸ்லீவைத்தான் தின்னக் கொடுக்கிறார்கள். எண்ணெய், ஆசிட், சால்வென்ட் என்றால் அந்தச் சொட்டையே அனுமதிக்க முடியாது, அங்கே மெக்கானிக்கல் சீல் வேண்டும்.

நம்ம ஏரியா மண்ணுக்கு ஃபவுண்டேஷன் எவ்வளவு போட வேண்டும்?

பம்ப், மோட்டார், பேஸ் பிளேட் மூன்றின் மொத்த எடையைப் போல மூன்று மடங்கு எடையாவது கான்கிரீட் இருக்க வேண்டும் என்பது சென்ட்ரிஃபியூகல் பம்புக்கான பழைய கணக்கு, பிஸ்டன் பம்ப் என்றால் ஐந்து மடங்கு. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டியும் மணலி பக்கமும் பல இடங்களில் மேல்மண் இளகிய களி அல்லது கொட்டி நிரப்பிய மண், தோண்டினால் கொஞ்ச ஆழத்திலேயே தண்ணீர் நிற்கும். அங்கே எடைக் கணக்கு மட்டும் போதாது, மண்ணைப் பார்த்து சிவில் இன்ஜினியர் சொல்கிற ஆழத்துக்குப் போய்த்தான் ஆக வேண்டும். ஷெட்டின் தரை கான்கிரீட் மேலேயே நாலு ஆங்கர் போல்ட் அடித்து நிறுத்துவதை நான் ஏற்க மாட்டேன், பக்கத்து கம்ப்ரஸர் ஆடுவதெல்லாம் பம்புக்கு வரும்.

பேஸ் பிளேட்டுக்குக் கீழே கலவை ஊற்றி நிரப்புகிற கிரவுட்டிங் அவசியமா? மெல்லிய தகடான ஷிம் வைத்து போல்ட் இறுக்கினால் நிற்கிறதே?

நிற்கும், ஆனால் பேஸ் பிளேட்டுக்குக் கீழே காலி இடம் இருந்தால் அது பறை மாதிரி அதிரும், அந்த அதிர்வு நேராக சீல் முகத்துக்குத்தான் போகும். கான்கிரீட் மேல்பரப்பில் இருக்கிற பால் பிடித்த மெல்லிய பகுதியைக் கொத்தி எடுத்துவிட்டு, கழுவி, ஷிம் வைத்து பேஸ் பிளேட்டை லெவல் பண்ணுங்கள். மீட்டருக்கு 0.2 மி.மீ. வித்தியாசத்துக்குள் வர வேண்டும். கொத்தனார் வைத்திருக்கிற ரசமட்டம் இதற்குப் போதாது, மாஸ்டர் லெவல் வேண்டும். அப்புறம் சுருங்காத கிரவுட் ஒரே பக்கத்திலிருந்து ஊற்றி மறுபக்கம் வழிகிறவரை விடுங்கள், இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். இறுகிய பிறகு சுத்தியலால் தட்டிப் பாருங்கள், பொள்ளலான சத்தம் வந்தால் அந்த இடத்தில் ஓட்டை போட்டு எபாக்ஸி ஏற்றுங்கள்.

வழக்கமான சிமென்ட் கலவையை ஊற்றுவது வீண், அது சுருங்கி பிளேட்டை விட்டு விலகிவிடும்.

பம்பும் மோட்டாரும் பேஸ் பிளேட்டில் ஷாப்டுகள் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி அலைன்மென்ட் பண்ணித்தானே வருகிறது? மறுபடி எதற்கு?

லாரியில் ஏறி இறங்கி, கிரேனில் தொங்கி, போல்ட் இறுக்கியதும் அந்த அலைன்மென்ட் போய்விடும். கிரவுட்டிங் முடிந்ததும் ஒரு முறை, பைப் மாட்டியதும் ஒரு முறை, ஓடிச் சூடானதும் ஒரு முறை பார்க்க வேண்டும். முதலில் மோட்டாரின் கால்களைப் பாருங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் தனியாகத் தளர்த்தும்போது, நுண்ணிய அசைவைக் காட்டும் டயல் கேஜ் 0.05 மி.மீ.க்கு மேல் எழும்பினால் அந்தக் கால் பேஸ் பிளேட்டில் சரியாகப் படவில்லை, அதைச் சரி பண்ணாமல் எத்தனை மணி நேரம் அலைன்மென்ட் பார்த்தாலும் நிற்காது. நிமிடத்துக்கு 1440 சுற்று வேகத்துக்கு விலகல் 0.05 முதல் 0.1 மி.மீ.க்குள், 2900 வேகம் என்றால் 0.05க்குள் கொண்டுவாருங்கள். கப்ளிங் மேல் ஸ்கேல் வைத்துக் கண்ணால் பார்ப்பது முதல் கட்டத்துக்கு மட்டும்தான்.

சூடான திரவம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. இரும்பு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மி.மீ. நீளும். பம்பின் காலிலிருந்து ஷாப்ட் மையம் 300 மி.மீ. உயரம், பம்ப் 50 டிகிரி கூடுதலாகச் சூடாகிறது என்றால் மையம் 0.18 மி.மீ. மேலே போகும். குளிர்ந்திருக்கும்போது பம்பை அந்த அளவு தாழ்த்தி வைக்க வேண்டும், இல்லையென்றால் ஓடத் தொடங்கிய அரை மணி நேரத்தில் அலைன்மென்ட் கெடும்.

பைப் இழுக்கிறது என்கிறீர்களே, அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான், ஏனென்றால் சீல் மாற்றப் போகிற ஃபிட்டர் பைப் பக்கம் பார்ப்பதே இல்லை. பைப் கான்ட்ராக்டர் ஒருத்தர், பம்ப் கான்ட்ராக்டர் ஒருத்தர். பைப் போட்டு வந்து பம்பின் போல்ட் இணைப்பு வளையமான ஃபிளாஞ்சில் பத்து மில்லிமீட்டர் விலகி நின்றால், கடப்பாரை போட்டு நெம்பி அல்லது செயின் பிளாக் போட்டு இழுத்து போல்ட்டைச் சொருகிவிடுவார்கள். வேலை முடிந்துவிட்டது, பில் போட்டாயிற்று. அந்த இழுப்பு முழுவதும் அன்று முதல் பம்பின் வெளி உடலான கேசிங் மேல் இருக்கிறது, கேசிங் கோணினால் ஷாப்டுக்கும் சீல் அறைக்கும் இருக்கிற நேர்கோடு போய்விடுகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் சீல் முகம் ஒருமுறை முன்னும் பின்னும் அசைகிறது, 1440 வேகத்தில் ஒரு நாளைக்கு இருபது லட்சம் தடவைக்கு மேல்.

சோதிக்கும் முறை எளிது. பம்ப் கப்ளிங் ஹப்பில் மேலே ஒரு டயல், பக்கவாட்டில் ஒரு டயல் வைத்து பூஜ்யமாக்குங்கள். சக்ஷன் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக ஒவ்வொன்றாக இறுக்குங்கள், அப்புறம் திரவம் வெளியேறுகிற டெலிவரி பக்கம். முள் 0.05 மி.மீ.க்கு மேல் நகர்ந்தால் நிறுத்தி, பைப்பை வெட்டி மறுபடி வெல்டிங் செய்யுங்கள். ஏற்கெனவே ஓடுகிற பம்ப் என்றால் மின்சாரத்தை நிறுத்தி லாக் போட்டு, லைனைக் காலி பண்ணி, போல்ட்டுகளைத் தளர்த்தும்போது அதே டயலைப் பாருங்கள். போல்ட் கையால் உருவும்படி வர வேண்டும். சுத்தியல் வைத்து அடித்துத்தான் எடுக்க முடிகிறது என்றால் உங்கள் சீல் ஏன் போகிறது என்பதற்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

பைப்பின் எடையைத் தாங்க பம்புக்கு அருகிலேயே சப்போர்ட் வேண்டும், பம்ப் தாங்கக் கூடாது. அப்புறம் வெயில். திறந்த வெளியில் 20 மீட்டர் இரும்பு லைன் விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 30 டிகிரி வித்தியாசம் கண்டால் 7 மி.மீ. நீளும். அந்த நீளம் போக வளைவோ சுருங்கி விரிகிற மடிப்புக் குழாயான பெல்லோஸோ இல்லையென்றால் அது பம்பைத்தான் தள்ளும். காலையில் ஒழுகாத சீல் மதியம் மட்டும் ஒழுகுகிறது என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது லைன் வெயிலில் போகிறதா என்றுதான்.

சக்ஷன் லைனில் என்ன பார்க்க வேண்டும்?

பம்பின் வாயை விட ஒரு சைஸ் பெரிய பைப், பம்புக்கு முன்னால் விட்டத்தைப் போல ஐந்திலிருந்து பத்து மடங்கு நேரான நீளம், எல்போவை வாயிலேயே ஒட்ட வைக்கக் கூடாது. கிடைமட்ட லைனில் பைப் அளவைக் குறைக்கிற ரெடியூசர் போட்டால் ஒரு பக்கம் தட்டையானதாகப் போடுங்கள், தட்டைப் பக்கம் மேலே. இரண்டு பக்கமும் சரியும் ரெடியூசர் போட்டால் மேல் மூலையில் காற்று தங்கி, கட்டி கட்டியாகப் பம்புக்குள் போகும். கீழே இருக்கிற சம்ப்பிலிருந்து எடுத்தால் லைன் பம்பை நோக்கி மேலே ஏறிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் மேடு கூடாது. ரிட்டர்ன் தண்ணீர் மேலிருந்து சம்ப்பில் கொட்டுகிறது என்றால் அந்த நுரை அப்படியே சக்ஷனுக்குள் போகும், அந்தப் பைப்பின் வாயைத் தண்ணீருக்குள் முக்கி, சக்ஷனிலிருந்து தள்ளி வையுங்கள்.

பம்புக்குள் ஜல்லி உருளுவது போலச் சத்தம் கேட்டால் கேவிட்டேஷன். அழுத்தம் குறைந்த இடத்தில் தண்ணீர் அந்த வெப்பத்திலேயே ஆவிக்குமிழாகி, சுற்றுகிற சக்கரமான இம்பெல்லருக்குள் வந்து நொறுங்குகிறது. ஷாப்ட் உதறும், சீல் முகத்தில் படலம் உடையும். சூடான தண்ணீருக்கு இது சீக்கிரமே வரும், 80 டிகிரியில் தண்ணீரின் ஆவியழுத்தமே கிட்டத்தட்ட ஐந்து மீட்டர் தண்ணீர் உயரத்துக்குச் சமம். ஆகவே நீராவி குளிர்ந்து வருகிற சூடான தண்ணீரை (கண்டன்சேட்) கீழிருந்து உறிஞ்சப் பார்க்காதீர்கள், தொட்டியை மேலே தூக்குங்கள். தண்ணீர் அதிகமாக வருகிறது என்று சக்ஷன் வால்வை மூடி அட்ஜஸ்ட் பண்ணுகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். டெலிவரி வால்வில்தான் குறைக்க வேண்டும், அதையும் ரொம்பக் குறைத்தால் இம்பெல்லர் மேல் ஒருபக்க அழுத்தம் வந்து ஷாப்ட் வளையும்.

சீல் மாட்டும்போது கிரீஸ் தடவலாமா?

முகத்தில் எதுவும் தடவாதீர்கள், விரலும் படக் கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள், பனியன் வேஸ்ட் வேண்டாம், அதன் ஒரு நூல் போதும். சீலில் இருக்கிற ரப்பர் வளையமான ஓ-ரிங் ஈபிடிஎம் வகை என்றால் பெட்ரோலிய கிரீஸ் பட்டாலே உப்பிவிடும், சோப்புத் தண்ணீரோ சிலிகான் கிரீஸோ போடுங்கள்.

அதற்கு முன்னால் ஷாப்டைப் பாருங்கள். ஷாப்டைச் சுற்றும்போது டயல் முள்ளின் அசைவு 0.05 மி.மீ.க்குள் இருக்கிறதா, ஸ்லீவில் பழைய ஓ-ரிங் தேய்த்த பள்ளம் இருக்கிறதா, விளிம்பு சரிவாக இருக்கிறதா. கூர்மையான விளிம்பும் கீ-வேயும் புது ஓ-ரிங்கை அறுத்துவிடும், ஆனால் அது அறுந்தது மாட்டும்போது தெரியாது.

முழுத் தொகுப்பாகச் சேர்த்தே வருகிற கார்ட்ரிட்ஜ் சீலில் வரிசை முக்கியம். கிளாண்ட் நட்டுகளைக் குறுக்காகச் சமமாக இறுக்குங்கள், அலைன்மென்ட் முடித்துக் கப்ளிங் மாட்டுங்கள், பிறகு ஷாப்ட் மேல் இருக்கிற ஸ்க்ரூக்களை இறுக்குங்கள், கடைசியில்தான் சீலைச் சரியான இடத்தில் பிடித்திருக்கிற செட்டிங் கிளிப்பை எடுக்க வேண்டும். கிளிப்பை எடுக்காமல் ஓட்டியவர்களும் உண்டு, முதலிலேயே எடுத்துவிட்டு மாட்டியவர்களும் உண்டு, இரண்டிலும் சீல் அன்றே போகும். கிளிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள், சீலைக் கழற்றும்போது திரும்பத் தேவைப்படும். கிளாண்டை ஒரு பக்கமாக அதிகம் இறுக்கினால் அசையாத வளையம் கோணி, இரண்டே இடத்தில் மட்டும் முகம் தொடும்.

நம்ம ஊர்த் தண்ணீருக்கு எந்த முகம், எந்த ரப்பர்?

எந்தத் தண்ணீர் என்று முதலில் சொல்லுங்கள், இங்கே தண்ணீர் ஒன்றல்ல. மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறியது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம், அந்த போர்வெல் தண்ணீரில் உள்ள குளோரைடு 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்பிரிங்கைக் கூடப் புள்ளி புள்ளியாக அரிக்கும். நேரடிக் கடல்நீர் என்றால் அரிப்பைத் தாங்குகிற ஹாஸ்டெல்லாய் உலோகக் கலவை ஸ்பிரிங், டூப்ளெக்ஸ் ஸ்டீல் உடல் கேளுங்கள். மணலி ஆலைகளுக்குக் கொடுங்கையூரில் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் திறனுள்ள நிலையத்தில் ஆர்ஓ செய்து தருகிற தண்ணீர் இதற்கு நேர் எதிர், உப்பும் கடினத்தன்மையும் குறைவு, கார்பன் முகமும் சிலிக்கான் கார்பைடு முகமும் சேர்ந்து நன்றாக உழைக்கும். மணல், சேறு வருகிற இடத்தில் கார்பன் நிற்காது, இரண்டு பக்கமும் சிலிக்கான் கார்பைடு அல்லது டங்ஸ்டன் கார்பைடு போடுங்கள். ஆனால் கடினத்துக்குக் கடினம் போட்டால் உலர்ந்து ஓடுவதைச் சுத்தமாகப் பொறுக்காது, அதையும் மனதில் வையுங்கள். செராமிக் விலை குறைவு, ஆனால் சூடேறிய முகத்தில் திடீரென்று குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

ரப்பர்: எண்ணெய்க்கு நைட்ரைல் அல்லது வைட்டான். காஸ்டிக்கும் சுடுதண்ணீரும் என்றால் ஈபிடிஎம், அங்கே சாதாரண வைட்டான் கெட்டுப்போகும். அசிட்டோன் மாதிரி சால்வென்டிலும் வைட்டான் உப்பிவிடும். விலை அதிகம் என்பதால் வைட்டான் எல்லாவற்றுக்கும் நல்லது என்று நினைப்பது தவறு.

பிளான் 11, பிளான் 32 என்று சொல்கிறார்களே?

சீலுக்குத் திரவத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதற்கு அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் (ஏபிஐ) 682 தரத்தில் வைத்த எண்கள் அவை. பிளான் 11 என்றால் டெலிவரியிலிருந்து ஒரு சின்ன லைன், ஓட்டத்தைக் கட்டுப்படுத்துகிற சிறு துளையான ஆரிஃபிஸ் வழியாகச் சீல் அறைக்கு வருகிறது. பிளான் 32 என்றால் வெளியிலிருந்து சுத்தமான திரவம் கொடுப்பது, அழுக்கான திரவத்துக்கு அதுதான் கதி. சூடானதற்கு கூலர் வைத்த 21, 23. ஆபத்தான திரவத்துக்கு இரட்டைச் சீலும் தனித் தொட்டியும் வைத்த 52, 53. பெரும்பாலான இடத்தில் பிளான் 11 லைன் இருக்கும், ஆனால் அதன் ஆரிஃபிஸில் டெஃப்லான் டேப் துணுக்கோ வெல்டிங் பிசிறோ அடைத்துக் கிடக்கும். லைனைக் கையால் தொட்டு வெப்பத்தைப் பக்கத்து பம்போடு ஒப்பிட்டாலே பாதி தெரிந்துவிடும், ஆனால் சூடான லைனைத் தொடாதீர்கள், அதற்குத் தெர்மாமீட்டர் கன் இருக்கிறது.

முதல் முறை ஓட்டும்போது?

கப்ளிங் மாட்டுவதற்கு முன் மோட்டாரைத் தனியாக ஓட்டித் திசை பாருங்கள். திருகு இம்பெல்லர் தலைகீழாகச் சுற்றினால் கழன்று கேசிங்கில் இடிக்கும். ஒற்றை ஸ்பிரிங் சீலில் ஸ்பிரிங்கே சுற்றும் திசைக்கு ஏற்றபடி வலது இடது என்று சுற்றப்பட்டது, எதிர்த்திசையில் அதன் பிடி தளர்ந்து வழுக்கும். கேபிள் வேலையோ டிரான்ஸ்ஃபார்மர் வேலையோ நடந்த பிறகு ஃபேஸ் வரிசை மாறியிருக்கலாம், அன்றைக்கும் திசை பாருங்கள்.

சக்ஷன் வால்வு முழுக்கத் திறந்து, பம்பை நிரப்பி, சீல் அறையின் மேல் காற்றைத் தனியாக வெளியேற்றுங்கள். செங்குத்து பம்பில் காற்று தங்குவது சீல் இருக்கிற இடத்தில்தான். டெலிவரி வால்வைக் கொஞ்சம் திறந்து ஸ்டார்ட் பண்ணி, மெதுவாகத் திறங்கள். லைன் புதிது என்றால் சக்ஷனில் தற்காலிக ஸ்ட்ரெய்னர் வையுங்கள். இன்னொன்று, பைப்பில் வெல்டிங் நடக்கும்போது எர்த் கிளாம்ப்பை பம்ப் மேல் மாட்ட விடாதீர்கள், கரன்ட் பேரிங் வழியாகவும் சீல் வழியாகவும் போய் இரண்டையும் கெடுக்கும்.

ராத்திரி சம்ப் காலியாகி பம்ப் வெறுமனே ஓடிவிடுகிறது. ஆள் போட முடியாது.

ஆள் வேண்டாம், லோடு குறைந்தால் கரன்ட் இறங்குவதைப் பார்த்து நிறுத்துகிற டிரை-ரன் ரிலே போடுங்கள், கூடவே சம்ப்பில் ஃப்ளோட் ஸ்விட்ச். இரண்டின் விலையும் சேர்ந்தால்கூட நல்ல சீல் ஒன்றின் விலைக்குக் கீழேதான் பெரும்பாலும் வரும்.

ஸ்டாண்ட்பை பம்பின் சீல் ஓடாமலேயே போகிறதே?

கடல்நீரை உள்ளேயே விட்டு நிறுத்தினால் முகங்களுக்கு நடுவில் உப்பு கட்டும், ஸ்டார்ட் பண்ணியதும் கார்பன் பிய்ந்துவிடும். நிறுத்தும்போது நல்ல தண்ணீரால் கழுவுங்கள், வாரம் ஒரு முறையாவது மின்சாரத்தை லாக் பண்ணிவிட்டு ஷாப்டைக் கையால் சுற்றுங்கள், மாதா மாதம் மாற்றி ஓட்டுங்கள்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கியது போல பம்ப் வெள்ளத்தில் மூழ்கினால் மோட்டாரை மட்டும் காயவைத்து ஸ்டார்ட் பண்ணிவிடாதீர்கள். பேரிங் ஹவுசிங் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கும், சீலின் வெளிப்பக்கத்தில் சேறு ஏறியிருக்கும். எண்ணெய் மாற்றி, சீலைக் கழற்றிச் சுத்தம் செய்த பிறகுதான் ஓட்ட வேண்டும்.

கழற்றிய பழைய சீலில் என்ன பார்ப்பது?

முதலில் கழுவாதீர்கள். பம்ப் எண், தேதி எழுதி அப்படியே ஒரு பையில் போட்டு வையுங்கள், அப்புறம் வெளிச்சத்தில் பாருங்கள். கடினமான முகத்தில் மையத்திலிருந்து வெளியே ஓடுகிற மெல்லிய விரிசல்களும், கார்பன் விளிம்பில் சில்லுகளும் இருந்தால் அது உலர்ந்து ஓடியது அல்லது முகத்தில் திரவம் ஆவியானது. தேய்ந்த தடம் முகத்தின் அகலத்தை விட அகலமாக இருந்தால் ஷாப்ட் ஆடுகிறது, அலைன்மென்ட், பேரிங், பைப் இழுப்பு மூன்றையும் பாருங்கள். தடம் இரண்டு இடத்தில் மட்டும் பளபளத்தால் கிளாண்ட் இறுக்கத்தில் கோணல். முகத்தில் குறையே இல்லாமல் ஒழுகியது என்றால் ஓ-ரிங்கைப் பாருங்கள்: உப்பியிருந்தால் ரப்பர் தப்பு, இறுகி உடைந்தால் சூடு, அறுந்திருந்தால் மாட்டியவரின் அவசரம். ஸ்பிரிங்குகளில் சுண்ணாம்பு படிந்து அசையாமல் இருந்தால் காரணம் தண்ணீரின் கடினத்தன்மை.

புதுச் சீல் மாட்டியதும் சொட்டுகிறது. கிளாண்டை இன்னும் இறுக்கலாமா?

கூடாது, அது கயிறு இல்லை. முகங்கள் ஒன்றோடொன்று பழக, லேசான சொட்டு முதல் கொஞ்ச நேரம் வரலாம், தண்ணீர் பம்பில் அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் நிற்க வேண்டும். ஆபத்தான திரவம் என்றால் அந்தக் காத்திருப்பும் கிடையாது. நூல் போலத் தொடர்ந்து வந்தாலும், சொட்டு நேரம் போகப் போகக் கூடினாலும் நிறுத்திக் கழற்றுங்கள். புதிதாக வாங்க பாரிமுனைக் கடைக்குப் போவதென்றால் ஷாப்ட் சைஸ் மட்டும் சொல்லாதீர்கள். ஸ்லீவ் மேல் வெர்னியரில் அளந்த விட்டம், திரவத்தின் பெயர், வெப்பம், அழுத்தம், வேகம், சுற்றும் திசை எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, பழைய சீலையும் பையோடு எடுத்துப் போங்கள்.